ஆறு கதவு ஆஸ்பத்திரி

"யாரையாவது ஒருத்தரை வெளியே தள்ளியே ஆகணும் அம்மா. இன்னைக்கே தள்ளணும்."

கலியமூர்த்தி போட்ட சத்தத்தில் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து பறந்தது.

தையல்நாயகி அம்மாள் நிமிரவில்லை. கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து கிடந்த பெண்ணின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

"யாரைத் தள்ளணும்?" என்றார்.

"இந்தப் பொம்பளையை இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாரோ, அவனை!"

"யாரு அது?"

"அதைத்தான் மத்தியானத்திலேருந்து விசாரிக்கிறேன். ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கிறான். வயிறெரியுது எனக்கு."

அம்மாள் அடுத்த காலை அழுத்திப் பார்த்தார். அங்கேயும் குழி.

கொள்ளிடக் கரையில் இருக்கும் அந்த இடம் பாதி மடம், பாதி ஆஸ்பத்திரி. தையல்நாயகி டாக்டருக்குப் படித்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் காவி கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டவர். வயது நாற்பத்து மூன்று. வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். கூடவே இருக்கிறேன் என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அப்படி வந்து தங்கிய சீடர்கள் ஒன்பது பேர்.

அதில் மூத்த சீடர் கலியமூர்த்தி. வயது அறுபத்திரண்டு. சீடர் குருவைவிடப் பத்தொன்பது வருடம் பெரியவர். அதனால் அந்த மடத்தில் மட்டும் குருதான் சீடரை 'சார்' என்று கூப்பிடுவார்.

சார் என்பது வெறும் மரியாதைக்குச் சொன்னதும் இல்லை. கலியமூர்த்தி முப்பத்தோரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். மனித உடல் படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பால் தட்டித் தட்டி, ஓர் ஊரையே 'சுவாச மண்டலம், ரத்த ஓட்ட மண்டலம்' என்று ஒப்பிக்க வைத்தவர்.

அவர் வருவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கூடம்தான். தலைவலிக்காரனும் கால்வலிக்காரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கலியமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை.

"உடம்புக்குள்ளேயே தனித்தனி மண்டலம் இருக்கு. வைத்தியத்துக்கு வேண்டாமா?" என்று கேட்டார்.

கூடத்தை மூங்கில் தட்டி வைத்து ஆறாகப் பிரித்தார். ஆறுக்கும் கதவு போட்டார். கதவுகளில் அவரே படம் வரைந்தார். ஒன்று, இதயம். இரண்டு, மூச்சு. மூன்று, வயிறு. நான்கு, சிறுநீர். ஐந்து, எலும்பும் தசையும். ஆறு, மூளையும் நரம்பும். மூளைப் படம் மட்டும் பாதியாக வெட்டிய முட்டைக்கோஸ் மாதிரி வந்துவிட்டது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

வெளிவாசலில் மேஜை போட்டு அவரே உட்கார்ந்தார். வருகிறவர்களுக்கு எந்தக் கதவு என்று சொல்வது அவர் வேலை.

"செஞ்சு பாருங்க சார்" என்று மட்டும்தான் அம்மாள் அன்றைக்குச் சொன்னார்.

இப்போது கட்டிலில் கிடப்பவள் பெயர் பவளக்கொடி. கடற்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்பவள். அன்று காலை எட்டரை பஸ்ஸில் கூடையோடு இறங்கி வந்தாள். அம்மாள் பக்கத்து ஊருக்கு ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தார்.

பதினொரு மணிக்கு, மூன்றாம் கதவுக்கும் நான்காம் கதவுக்கும் நடுவில், கிணற்றடியில் சுருண்டு விழுந்தாள். கூடை கவிழ்ந்து கருவாடு முற்றமெல்லாம் சிதறியது.

அம்மாள் நல்லவேளையாகப் பன்னிரண்டுக்குள் திரும்பிவிட்டார். ஊசி போட்டார், மூச்சுக்குக் குழாய் வைத்தார், சாய்த்து உட்கார வைத்தார்.

"பிழைக்குமா?" என்று கேட்டதற்கு, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

அப்போது பிடித்தது கலியமூர்த்திக்குக் கோபம்.

"விசாரிச்சீங்களே, என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார் அம்மாள்.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேளுங்க இந்தக் கூத்தை. முதல்ல அஞ்சாம் கதவுக்குப் போயிருக்கா. அங்கே பார்த்துட்டு, 'எலும்புல ஒண்ணும் இல்ல, இது நீர் வீக்கம், நாலாம் கதவுக்குப் போ'ன்னு அனுப்பியிருக்கான்."

"நாலுல?"

"நாலுல லூர்துசாமி. 'சிறுநீர் கொஞ்சமாத்தான் போகுது, வாஸ்தவம். ஆனா சிறுநீரகத்துக்கு ரத்தம் வந்து சேர்ந்தாத்தானே வடிகட்டும்? ரத்தத்தை அனுப்ப வேண்டியது இதயம். ஒண்ணாம் கதவுக்குப் போம்மா'ன்னுட்டான்."

"ஒண்ணுல?"

"நாடியைப் பிடிச்சிருக்கான். ஓட்டமா ஓடுது. ஆனா அவளுக்குப் பேசவே மூச்சு வாங்குது. 'முதல்ல மூச்சைச் சரிபண்ணிட்டு வா'ன்னு ரெண்டாம் கதவைக் காட்டிட்டான். ரெண்டுல துரைக்கண்ணு நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டிருக்கான். நுரையீரல்ல தண்ணி சத்தம். வயித்தைத் தொட்டா கல்லீரல் வீங்கி நிக்குது. 'வயிறு மேலே தூக்குது, அதான் மூச்சு முட்டுது, மூணுக்குப் போ.'"

"மூணுல அன்னக்கிளி."

"அன்னக்கிளிதான். 'இது தின்ன சோறு இல்ல, தேங்கின தண்ணி. தண்ணின்னா நாலு.' மறுபடியும் நாலு! அங்கே போற வழியிலதான் விழுந்தா. ரெண்டரை மணி நேரம், தலையில கூடையோட!"

"அஞ்சு பேர்ல யார் சொன்னது தப்பு சார்?"

"யார் சொன்னதும் தப்பு இல்ல! அதுதான் எனக்கு ஆத்திரம்! எல்லாம் சரி, எல்லாம் பாடத்துல இருக்கு. ஆனா மனுஷி செத்துப்போகப் பார்த்தாளே! கேட்டா, 'நான் அடுத்த கதவைத்தானே காட்டினேன்' அப்படிங்கிறான் ஒவ்வொருத்தனும். இது ஒரு பதிலா?"

"முதல்ல அஞ்சாம் கதவுக்குப் போன்னு சொன்னது யாரு?"

"நான்தான். கால் வீங்கியிருக்குன்னா. கால்னா அஞ்சு. நான் கதவைத்தானே காட்டினேன்?"

அம்மாள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"சார், சிறுநீரகம் என்ன வேலை செய்யுது?"

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. அவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"ரத்தத்தில் உள்ள கழிவுகளைப் பிரித்து வெளியேற்றும் உறுப்பு சிறுநீரகம்" என்று ஒப்பித்தார்.

"எப்படிப் பிரிக்குது?"

"கழிவு எதுன்னு பார்த்துப் பொறுக்கி எடுக்கும். வெளியே தள்ளும். நல்லதை அப்படியே உள்ளே வெச்சுக்கும். நீங்களும் அதைச் செய்யுங்கன்னுதான் தலைதலையா அடிச்சுக்கிறேன்!"

"முப்பத்தோரு வருஷமும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"இப்படியேதான்."

"சரி. நாளைக்குக் காலைல சிறுநீரகம் செய்யற மாதிரியே செஞ்சுடலாம்" என்றார் அம்மாள்.

கலியமூர்த்திக்கு மனசு ஆறியது. மறுநாள் யார் தலை உருளப்போகிறது என்று யோசித்துக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டார். லூர்துசாமி என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவன் முகமே சரியில்லை.

மறுநாள் அமாவாசை. அமாவாசை அன்று வெளி நோயாளிகள் வருவதில்லை. அன்றைக்குத்தான் மடத்தைக் கழுவி விடுவார்கள். பவளக்கொடி ஒருத்திதான் உள்ளே. அவள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வெளிவாசல் தெரியும்.

காலை ஏழு மணிக்கு மற்ற எட்டுப் பேரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். கலியமூர்த்தி வரிசையில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி, அம்மாள் நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கமாக நின்றுகொண்டார்.

அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எல்லாரும் வெளியே போங்க."

யாரும் அசையவில்லை.

"எல்லாருமாம்மா?" என்றாள் அன்னக்கிளி.

"எல்லாரும்தான்."

கலியமூர்த்தி சிரித்தார். தனக்குப் புரிந்துவிட்டது போல ஒரு சிரிப்பு. "இவங்க எட்டுப் பேரும். சரிதானேம்மா?"

"நீங்களும் சார்."

"நானா?"

"செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க. வெயில் ஏறிடும்."

அவ்வளவுதான். அம்மாள் திரும்பி உள்ளே போய்விட்டார். இரும்புக் கேட்டைச் சாத்தக்கூட இல்லை.

கேட்டுக்கு வெளியே ஒரு வாகை மரம். எட்டுப் பேரும் அதன் நிழலில் குந்தினார்கள். கலியமூர்த்தி குந்தவில்லை. வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"இது என்ன நியாயம்? தப்புப் பண்ணினவனுக்கும் பண்ணாதவனுக்கும் ஒரே தண்டனையா? ஆறு வருஷமா ராப்பகல் பார்க்காம உழைச்சிருக்கேன்! கதவு ஒவ்வொண்ணும் என் கையால பெயிண்ட் அடிச்சது! என்னையும் இந்தக் கும்பலோட சேர்த்து வெளியே போன்னா?"

முப்பத்தோரு வருடத்தில், குற்றவாளி கிடைக்காத கோபத்தில், எத்தனை வகுப்பை மொத்தமாக முட்டி போட வைத்திருக்கிறார் என்பது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"சார், கொஞ்சம் உக்காருங்க" என்றான் லூர்துசாமி.

"நீ பேசாதே! உன்னாலதான் எல்லாம்!"

லூர்துசாமி நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் விட்டான்.

கால் மணி நேரம் போயிருக்கும். துரைக்கண்ணு திடீரென்று எழுந்தான்.

"எங்கே?" என்றார் கலியமூர்த்தி.

"அந்தம்மா தலையணையிலேருந்து சரிஞ்சுடுவாங்க சார். சரிஞ்சா மூச்சு முட்டும். தூக்கி வெக்க ரெண்டு பேர் வேணும். அம்மா ஒத்தையா என்ன பண்ணுவாங்க?"

"உன்னை வெளியே போகச் சொல்லியிருக்கு!"

"சொன்னாங்கதான்."

"கூப்பிட்டாங்களா இப்ப?"

"இல்லியே."

"கூப்பிடாம போறியே, வெட்கமா இல்ல உனக்கு? நேத்து அவளை விரட்டினவன் நீ!"

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். "விரட்டத்தான் செஞ்சேன் சார்" என்றான். கேட் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்தான். உள்ளே போய்விட்டான்.

அம்மாள் அவனை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து பவளக்கொடியைத் தூக்கி உட்கார வைப்பது தெரிந்தது.

கலியமூர்த்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பார்த்தீங்களா! மானம், ரோஷம் ஒண்ணும் கிடையாது!"

மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு ஏதோ போலிருக்கிறது. அன்னக்கிளி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கஞ்சி வெக்கணும் சார். உப்பு இல்லாம வெக்கணும். உப்புப் போட்டா தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும் உடம்பு. அம்மாவுக்கு அடுப்புப் பக்கம் போகவே நேரம் இருக்காது."

"உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"பசிக்கிறவ கூப்பிட்டா என்ன, கூப்பிடாட்டி என்ன சார்?"

இரண்டாவது ஜோடிச் செருப்பு கேட் ஓரத்தில் சேர்ந்தது.

அடுத்தது ஒண்ணாம் கதவுக்காரன். மணிக்கொரு தரம் நாடி பார்க்க வேண்டும் என்றான். அஞ்சாம் கதவுக்காரன், ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றான். இரண்டு பேர் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனார்கள். ஒருத்தி முற்றத்தில் இன்னும் கிடக்கும் கருவாட்டைப் பொறுக்கி வைக்கப் போனாள். பாவம், அவள் பிழைப்பு அது, வெயிலில் கெட்டுவிடும் என்றாள்.

லூர்துசாமி கடைசியாக எழுந்தான்.

"உனக்கு என்ன சாக்கு?" என்றார் கலியமூர்த்தி.

"ஊசி போட்டிருக்காங்க சார். இனிமே சிறுநீர் இறங்கும். எவ்வளவு வருதுன்னு அளந்து எழுதி வெக்கணும். அதை வெச்சுத்தான் அடுத்த ஊசி." கொஞ்சம் தயங்கினான். "நீங்களும் வாங்களேன்."

"நான் ஏன் வரணும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்? அம்மா இந்தக் கேட்டுக்கு வரணும். 'சார், உங்களைப் போய்த் தள்ளிட்டேனே, தப்பாப் போச்சு, வாங்க'ன்னு சொல்லணும். அப்பத்தான் இந்தக் கால் உள்ளே படும்."

"உள்ளே கை பத்தலை சார்."

"பத்தாம இருக்கட்டும்! அப்பத்தான் என் அருமை தெரியும்!"

லூர்துசாமி செருப்பைக் கழற்றி, மற்ற ஏழு ஜோடிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான்.

வாகை மரத்தடியில் கலியமூர்த்தியும் அவர் குடையும்தான் மிச்சம்.

வெயில் உச்சிக்கு வந்தது. அன்னக்கிளி கேட் வரைக்கும் வந்து ஒரு சொம்புத் தண்ணீரும் கஞ்சியும் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீரைக் குடித்தார். கஞ்சியைத் தொடவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் குடிக்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

அப்போது தையல்நாயகி அம்மாளே வந்தார். கலியமூர்த்தி சட்டென்று நிமிர்ந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

அம்மாள் கூப்பிட வரவில்லை. கையில் அளவுக் கோடு போட்ட கண்ணாடி ஜாடி. அதைச் சாக்கடையில் கொட்டக் கொண்டுவந்திருந்தார்.

"எவ்வளவு இருக்கும் சார் இது?"

பதில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிவிட்ட வாய்.

"ஒன்றரை லிட்டர்."

"சரியாச் சொல்லிட்டீங்க. காலைலேருந்து வந்தது. வீக்கம் வடியுது."

கலியமூர்த்திக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அமுக்கிக்கொண்டார். "அதை விடுங்க. சிறுநீரகம் மாதிரி செய்யறேன்னீங்களே, இதுவா அது? இதுவா சிறுநீரகம் செய்யற வேலை?"

"இதேதான் சார்."

"எப்படி?"

"நல்லா இருக்கிற உடம்புல, ஒரு நாளைக்கு ரத்தத்திலேருந்து சிறுநீரகம் எவ்வளவு வெளியே விடுது தெரியுமா? நூத்தியெண்பது லிட்டர். பன்னெண்டு குடம்."

"பன்னெண்டு குடம் கழிவா?"

"கழிவு மட்டும் இல்ல. தண்ணி, உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் சேர்த்துத்தான். சல்லடையில நுழையற எதுவா இருந்தாலும் வெளியே போன்னு சொல்லிடுது. நல்லது எது, கெட்டது எதுன்னு அங்கே யாரும் பார்க்கிறதில்ல. விசாரணையே கிடையாது."

"அநியாயம்!" என்று கத்தினார் கலியமூர்த்தி. சிறுநீரகத்தின் மேலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சர்க்கரை என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் எதுக்கு அதை வெளியே விரட்டணும்? உடம்பு என்ன ஆகும்?"

"வெளியே போற வழியில நீளமா ஒரு குழாய் இருக்கு சார். அதுல போகும்போதே சர்க்கரை மொத்தமும் உள்ளே திரும்பிடும். உப்பும் திரும்பிடும், ஏதோ கொஞ்சம் போக. தண்ணி நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு திரும்பிடும். எது எது உடம்புக்கு வேணுமோ அது அது திரும்பிடும்."

அம்மாள் ஜாடியைக் கவிழ்த்தார். கலியமூர்த்தி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார், தன்னை அறியாமல். அம்மாள் வாங்கி ஜாடியை அலம்பினார்.

"அப்ப கழிவு?" என்றார் கலியமூர்த்தி. "கழிவை யாரு வெளியே தள்றது?"

"யாரும் தள்றதில்ல சார்."

சொல்லிவிட்டு அம்மாள் ஜாடியோடு உள்ளே போய்விட்டார்.

யாரும் தள்ளாமல் எப்படிப் போகும்? கலியமூர்த்தி மரத்தடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார், சிறுநீரகம் கழிவைப் பொறுக்கி எடுக்கும் என்று. ஒரு பிள்ளைகூட எழுந்து, 'எப்படி சார் பொறுக்கும், அதுக்குக் கண் இருக்கா?' என்று கேட்கவில்லையே! அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. பாடப் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. பொறுக்காமல், விசாரிக்காமல், ஊரையே வெளியே அனுப்பிவிட்டு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிறுநீரகத்தின் மேல் வந்த கோபம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிசு.

உள்ளே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சிறுநீர் அறைக்காரன் தலையணை தூக்கினான். எலும்பு அறைக்காரன் கஞ்சிக் கிண்ணம் கழுவினான். எந்தக் கதவுக்காரன் எந்தக் கதவிலிருந்து வருகிறான் என்றே தெரியவில்லை. ஒரு ஒழுங்கு இல்லை! போன உடனே இதைச் சரிபண்ண வேண்டும் என்று நினைத்தார். போகப்போவதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஐந்தரைக்குக் கும்பகோணம் பஸ் வரும். அங்கே மகள் வீடு. அதில் ஏறிப் போய்விடுவதாகக் கேட் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் "ஏறலையா பெரியவரே?" என்று கேட்டார்.

"உங்க வேலையைப் பாருங்க!" என்றார் கலியமூர்த்தி.

பஸ் போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மாள் பூட்டும் சாவியுமாகக் கேட்டுக்கு வந்தார். முகம் களைத்திருந்தது.

"எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டார் கலியமூர்த்தி. கேட்டிருக்கக் கூடாது என்று உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தப்பிச்சுட்டா. எழுந்து உக்காந்து பேசறா." அம்மாள் கேட்டின் ஒரு கதவை இழுத்தார். "கேட்டைப் பூட்டணும் சார். விடியற வரைக்கும் திறக்க முடியாது."

"பூட்டுங்க."

"நீங்க?"

"என்னைப் பத்தி இப்பத்தான் ஞாபகம் வந்துதா?" கலியமூர்த்திக்குக் குரல் உடைந்தது. அழுகையா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. "நாள் பூரா வெயில்ல கிடந்தேன். நியாயம் கேட்டேன், அது ஒரு தப்பா? தப்புப் பண்ணினவனை வெளியே தள்ளுங்க. அவன் வெளியே போனப்புறம் என்னைக் கூப்பிடுங்க. வர்றேன்."

"அதுதான் முடிஞ்சுதே சார்."

"முடிஞ்சுதா?" கலியமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "யாரு? லூர்துசாமிதானே?"

"கேட்டுக்கு வெளியே யார் மிச்சம்னு பாருங்க."

கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார். வாகை மரத்தடியில் ஆள் இல்லை. சாலையில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஆள் இல்லை. கேட் ஓரத்தைப் பார்த்தார். எட்டு ஜோடிச் செருப்பு. ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினார். எட்டுதான்.

பிறகு குனிந்தார். ஒன்பதாவது ஜோடி அவர் காலில் இருந்தது.

"அநியா..." என்று ஆரம்பித்தார்.

அம்மாள் கேட்டின் மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. பவளக்கொடி. மூன்று தலையணையில் சாய்ந்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா! நேத்திக்கு மேசையில உக்காந்திருந்த அய்யாதானே நீங்க?"

கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார்.

"காலைலேருந்து பாக்குறேன். வெயில்லயே நிக்கிறீங்களே. எந்தக் கதவுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

கலியமூர்த்தி செருப்பைக் கழற்றினார்.